ஆன்கோர் யூடி+: அரை உயிர் பேட்டரிக்குப் பேட்டரி இல்லாததே மேல்

மோட்டோரோலா ஆன்கோர் யூடி+ என்ற பழைய ஜிபிஎஸ் ரிசீவர் பலகை மலிவாகக் கிடைக்கிறதே, கணினிகளுக்குச் சரியான நேரம் கொடுக்கும் என்டிபி சர்வருக்கு வாங்கிப் போடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். எட்டுச் சேனல், 5 வோல்ட், 9600 பாட், பத்து பின் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். நொடிக்கு ஒருமுறை அது தரும் பிபிஎஸ் பல்ஸில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆன்டெனா இருக்கும் இடத்தை அதற்குச் சொல்லிப் பூட்டிவிட்டால், இந்த வயதிலும் வீட்டு சர்வருக்குத் தேவையானதைவிடத் துல்லியமாகவே துடிக்கிறது.

கோபமெல்லாம், பவர் இல்லாதபோது நினைவகத்தைக் காக்கும் அந்தப் பொத்தான் பேட்டரி மேல்தான்.

பேட்டரி நன்றாக இருந்தால் கரண்ட் போய் வந்ததும் சீக்கிரம் சாட்டிலைட்டைப் பிடித்துவிடும். சுத்தமாகச் செத்திருந்தாலும் தொல்லையில்லை. எல்லாவற்றையும் புதிதாகத் தேடும், அல்மனாக் (சாட்டிலைட்டுகள் எங்கே இருக்கும் என்ற அட்டவணை) முழுதாக இறங்க 12.5 நிமிடம் எடுக்கும், அவ்வளவுதான். ஜிபிஎஸ் நேரத்துக்கும் உலகப் பொது நேரமான யூடிசிக்கும் இடையிலான 18 வினாடி வித்தியாசமும் அந்தத் தரவோடுதான் வரும் என்பதால், அதுவரை அது சொல்லும் மணியை நம்ப வேண்டாம். சிக்கல் அரை உயிரோடு இருக்கும் பேட்டரியில். நினைவகத்தில் பாதி சரி, பாதி குப்பை. ரிசீவர் அந்தக் குப்பையை நம்பி, வானத்தில் இல்லாத சாட்டிலைட்டைத் தேடிக்கொண்டிருக்கும். ஆன்டெனா போச்சு என்று கேபிளை மாற்றுகிறவர்கள்தான் அதிகம்.

பேட்டரியைச் சோதிக்கும்போது பவரை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். ஓடும்போது மல்டிமீட்டர் காட்டுவது சார்ஜ் வோல்ட்டேஜ். நிறுத்திச் சில மணி நேரம் கழித்து 2.5 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் கழற்றிவிடலாம். பலகையிலேயே பற்றவைத்தது சார்ஜ் ஏறும் வகை. அந்த இடத்தில் சிஆர்2032 வைக்கவே கூடாது. அது சார்ஜ் ஏற்றத் தகாதது; ஒழுகும், வெடிக்கவும் கூடும். பழையதை எடுத்துவிட்டு, வெளியே ஒரு ஹோல்டரில் சிஆர்2032, அதன் பாசிட்டிவிலிருந்து 1என்4148 டயோடு வழியாகப் பின் 1, நெகட்டிவ் பின் 3 (கிரவுண்ட்). டயோடின் கோடு போட்ட முனை ரிசீவர் பக்கம். ஷாட்கி வகை டயோடு போட்டால் வோல்ட் குறைவாக இழக்கும் என்பார்கள். 1என்5817 மாதிரியானவற்றில் தலைகீழ்க் கசிவு அதிகம், பேட்டரிக்குள் சார்ஜ் ஊறும். சில மைக்ரோ ஆம்பியர் மட்டுமே ஓடும் இடத்தில் சாதா டயோடின் இழப்பு அப்படியொன்றும் பெரிதில்லை.

புது பேட்டரி போட்டதும் ரீசெட் கட்டாயம். 64 64 67 102 37 13 10 என்ற ஏழு பைட்டை (டெசிமலில்) அனுப்பினால் எல்லாம் ஆலை அமைப்புக்குத் திரும்பும். உடனே ரிசீவர் வாய் மூடிக்கொள்ளும். பயப்பட வேண்டாம், தானாக வரும் செய்திகளையும் அந்தக் கட்டளை நிறுத்திவிடுகிறது. 64 64 69 97 1 37 13 10 அனுப்பினால் நொடிக்கொரு தகவல் மறுபடி வரும்.

இடமும் அழிந்திருக்கும். இடத்தைத் தானே அளந்து கண்டுபிடிக்கும் சர்வே 10,000 அளவீடு, நொடிக்கு ஒன்று என்றால் ஏறக்குறைய 2 மணி 47 நிமிடம். இடம் ஏற்கெனவே தெரிந்திருந்தால் இதற்குக் காத்திருப்பது வீண். என்டிபி மென்பொருளில் ஆன்கோருக்கான 30ஆம் எண் டிரைவரில் அட்சம், தீர்க்கம், உயரத்தை அமைப்புக் கோப்பில் எழுதி மோடு 3 கொடுத்தால் ரீசெட்டும் செய்து இடத்தையும் பூட்டிவிடும். அடுத்த முறையிலிருந்து மோடு 1 போதும். 3 என்றே விட்டுவைத்தால் சர்வரில் ஓடும் என்டிபி நிரலான என்டிபிடியைத் தொடங்கும்போதெல்லாம் நினைவை அழித்து முதலிலிருந்து தேட வைக்கும். பேட்டரிக்குக் காசு செலவழித்து என்ன பயன்?

தேதி தவறாக வந்தால் பேட்டரியைத் திட்டாதீர்கள். ஜிபிஎஸ் வார எண் 10 பிட், 1024 வாரத்தில் சுற்றி வந்துவிடும். டிரிம்பிள் தண்டர்போல்ட் என்ற இன்னொரு ஜிபிஎஸ் கடிகாரத்தின் ஃபர்ம்வேர் 2017 ஜூலை 30 அன்று 1997 டிசம்பர் 14க்குத் திரும்பியது இதனால்தான். எத்தனை ரீசெட் செய்தாலும் மாறாது. கணினிப் பக்கம் 61,93,15,200 வினாடியைக் கூட்ட வேண்டும், அல்லது தேதியை வேறு சர்வரிடம் வாங்கிக்கொண்டு இதிலிருந்து பல்ஸை மட்டும் எடுக்க வேண்டும். பல்ஸுக்குத் தேதி பற்றிக் கவலையே இல்லை. அதே தண்டர்போல்ட்டில் பேக்கப் பேட்டரி கிடையாது, பூட்டிய இடம் பவர் இல்லாமலும் அழியாத ஈஈப்ராம் நினைவகத்தில் இருக்கிறது. மாற்றவும் ஒழுகவும் எதுவுமில்லாதது எவ்வளவு நிம்மதி என்பது யூடி+ வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

வாங்கலாமா என்றால், இன்றைய மனநிலையில் வேண்டாம் என்றுதான் சொல்வேன், பல்ஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும். என் பேச்சைக் கேட்காமல் வாங்குவதென்றால் பேட்டரி இல்லாத பலகையாகப் பார்த்து வாங்குங்கள். பேட்டரியோடுதான் கிடைக்கிறது என்றால் அதைச் சுற்றியுள்ள செம்புத் தடங்கள் பச்சையடித்திருக்கிறதா என்று நெருக்கமான படம் கேளுங்கள். ஒழுகியிருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுங்கள்.