இறந்து எட்டு மாதம் கழித்துப் போட்ட கையெழுத்து

விண்வெளி வீரர்கள் கையெழுத்திட்ட பழைய தபால் கவர்களைச் சேர்க்கிறவர்களுக்காக, முக்கியமாகப் புதிதாக இறங்கியவர்களுக்காக, இதை எழுதுகிறேன். 640 டாலர் கொடுத்து நான் ஏமாந்த கதை. அதில் பாதி விற்றவரின் கைவரிசை, பாதி என் அசட்டுத்தனம். இரண்டையும் சொல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்குப் பிரயோசனம் இல்லை.

ஹூஸ்டனுக்கு வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஜான்சன் விண்வெளி மையம் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போய்க் காட்டியதில் கடைசியில் பைத்தியம் பிடித்தது எனக்குத்தான். முதலில் ராக்கெட் ஏவிய நாளில் முத்திரை குத்திய சாதாரண கவர்கள், ஐந்து டாலர், பத்து டாலர் என்று வாங்கினேன். அப்புறம் கையெழுத்துப் போட்டவை. "உள்ள ஒரு லெட்டர்கூட இல்ல, வெறும் கவருக்காங்க இவ்வளவு?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. கவர் மடங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டைத்துண்டு இருக்கும், அவ்வளவுதான். மதிப்பெல்லாம் மேலேதான். தபால்தலை, முத்திரை, இடப்பக்கம் அச்சிட்டிருக்கும் படம், எல்லாவற்றுக்கும் மேல் கையெழுத்து. அந்த இடப்பக்கத்துப் படத்தைச் சேர்ப்பவர்கள் கேஷே என்பார்கள்.

எனக்கு எட் ஒயிட் மீது தனிப் பிரியம். 1965 ஜூன் 3ஆம் தேதி ஜெமினி 4 கலத்திலிருந்து வெளியே வந்து விண்ணில் மிதந்த முதல் அமெரிக்கர். உள்ளே இருந்தவர் ஜேம்ஸ் மெக்டிவிட். ஒயிட்டின் கதை சீக்கிரமே முடிந்துவிட்டது. 1967 ஜனவரி 27, அப்பல்லோ 1 ஒத்திகையின்போது ஏவுதளத்திலேயே கலத்துக்குள் தீப்பிடித்து, கிரிஸம், சாஃபி இருவரோடு அவரும் போய்விட்டார். புகழ் வந்தபிறகு அவருக்குக் கிடைத்தது இரண்டு வருடம்கூட இல்லை. அதனால் அவர் கையெழுத்து அரிது. மெக்டிவிட் 2022 வரை இருந்தார். அவர் கையெழுத்து சுலபமாகக் கிடைக்கும். இந்த வித்தியாசத்தில்தான் நான் விழுந்த பள்ளம் இருக்கிறது.

போன பிப்ரவரியில் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் அந்தக் கவரைப் பார்த்தேன். வலப்பக்கம் 5 சென்ட் இரட்டைத் தபால்தலை. ஒன்றில் மிதக்கும் வீரர், மற்றதில் ஜெமினி கலம், இரண்டும் சேர்ந்தால் ஒரே படம். அமெரிக்கத் தபால்தலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. கேஷேயிலும் ஒயிட் மிதந்துகொண்டிருந்தார். அதன் கீழே மெக்டிவிட், பக்கத்தில் 'எட்வர்ட் எச். ஒயிட் II' என்று நீல மையில் இரண்டு கையெழுத்துகள். விளக்கத்தில் கொட்டை எழுத்தில் 'ஜெமினி 4, 1965' என்று போட்டிருந்தார்கள். கூடவே அசல் என்பதற்கான சான்றிதழ். கல்யாணப் பத்திரிகை தோற்றுவிடும், அப்படித் தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டிப் பளபளவென்று இருந்தது. சான்றளித்தவர் யார் என்று பார்த்தால், விற்றவரேதான். அதுவும் அப்போது உறைக்கவில்லை.

சும்மா வாங்கிவிடவில்லை, இரண்டு இரவு உட்கார்ந்து ஒப்பிட்டேன். மெக்டிவிட் கையெழுத்து பளிச்சென்று பொருந்தியது. ஒயிட்டின் கையெழுத்துக் கொஞ்சம் தயங்கித் தயங்கிப் போட்டதுபோல இருந்தது. ஆனால் ஒன்று அசலாக இருந்தால் பக்கத்தில் இருப்பதும் அசலாகத்தானே இருக்கும் என்று மனசு சமாதானம் சொல்லிக்கொண்டது. இதுதான் அவர்கள் தொழில் என்று பிற்பாடு தெரிந்தது. சுலபமாகக் கிடைக்கும் ஒருவரின் உண்மையான கையெழுத்துள்ள கவரை வாங்கி, பக்கத்தில் அரிதானவரின் பெயரைப் போட்டுவிடுவது. பாலில் தண்ணீர் கலக்கிற மாதிரி, பால் நிஜம்.

செப்டம்பரில் எங்கள் ஊர் தபால்தலைச் சங்கக் கூட்டத்துக்கு அதைப் பெருமையாக எடுத்துப் போனேன். எழுபது தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார், சின்ன வயசிலிருந்தே விண்வெளி கவர் சேர்ப்பவர். கையில் வாங்கினார். கையெழுத்தைப் பார்க்கவேயில்லை. தபால்தலையைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், என்னிடம் திருப்பிக் கொடுத்து, "முத்திரையில் என்ன தேதி, படி" என்றார். படித்தேன். கென்னடி விண்வெளி மையம், செப்டம்பர் 29, 1967. "ஒயிட் இறந்தது எப்போது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. காது சூடானது.

அந்த இரட்டைத் தபால்தலை வெளியானதே 1967 செப்டம்பர் 29ஆம் தேதிதான். என் கையில் இருந்தது அதன் முதல் நாள் உறை. ஒயிட் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு தேதியும் எனக்குத் தெரியும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. பூதக்கண்ணாடி வைத்துக் கையெழுத்தின் சுழியையெல்லாம் அளந்தவன், வெறும் கண்ணுக்கே தெரிகிற முத்திரையைப் படிக்கவில்லை. விற்றவர் கொட்டை எழுத்தில் போட்ட 1965ஐயே கவரின் தேதியாக எடுத்துக்கொண்டேன்.

விற்றவருக்கு எழுதினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது, மிக மரியாதையாக. ஒயிட் 1965இல் வெற்று உறையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம், அதை வைத்திருந்த ஒருவர் 1967இல் படம் அச்சிட்டுத் தபால்தலை ஒட்டி முத்திரை வாங்கினாராம். ஒரு நிமிடம் நானே நம்பிவிட்டேன். பழைய கையெழுத்துள்ள உறையில் பின்னால் தபால்தலை ஒட்டி முத்திரை வாங்குவது நடக்காத காரியமில்லை.

பெரியவரிடம் மறுபடி ஓடினேன். அவர் சிரித்தார். "வெற்று உறையில் எழுதுகிறவன் எங்கே வேண்டுமானாலும் எழுதுவான். இது படத்துக்கும் தபால்தலைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் ஒண்டிக்கொண்டு போகிறது பார். இங்கே படம் வரப்போகிறது என்று ஒயிட்டுக்கு 1965லேயே எப்படித் தெரியும்?" என்றார். கவரைச் சாய்த்து விளக்கில் காட்டினார். கடைசியில் இருந்த அந்த 'II', முத்திரையின் கறுப்புக் கோடுகள் மேல் ஏறியிருந்தது, கோட்டின் மேல் நீல மினுமினுப்பு. முத்திரைக்குப் பிறகு போட்ட கையெழுத்து. அப்புறம் விண்வெளிக் கையெழுத்துகளை மட்டுமே ஆராயும் ஒருவருக்குப் படம் அனுப்பிக் கட்டணமும் கட்டினேன். அதே முடிவு. மெக்டிவிட் அசல், ஒயிட் போலி. வாங்குவதற்கு முன் கட்டியிருக்க வேண்டிய கட்டணம்.

சரி, பணம்? கிரெடிட் கார்டு வங்கி, புகார் கொடுக்கும் கெடு தாண்டிவிட்டது என்று கையை விரித்தது. விற்றவரின் விதிப்படி திருப்பித் தருவது 14 நாளுக்குள்தான். சளைக்காமல் எழுதிக்கொண்டே இருந்ததில் கடைசியாக ஒரு 'சலுகை' வந்தது. அந்த 640ஐக் கழித்துக்கொள்ளலாமாம், மேலே 2,000 கொடுத்தால் அப்பல்லோ 11 இன்சூரன்ஸ் கவர் தருகிறாராம்.

இன்சூரன்ஸ் கவர் தெரியாதவர்களுக்கு. நிலவுக்குப் போகிறவர்களுக்குப் பெரிய தொகைக்கு ஆயுள் காப்பீடு எடுக்க வசதிப்படவில்லை. ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரும் கிளம்புவதற்கு முன்பே ஏராளமான கவர்களில் கையெழுத்துப் போட்டு, நம்பிக்கையானவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஏவிய ஜூலை 16 அல்லது இறங்கிய ஜூலை 20 முத்திரையோடு அவை குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. திரும்பி வராவிட்டால் விற்றுப் பிழைக்கட்டும் என்று. நினைத்தாலே தொண்டை அடைக்கிற விஷயம். அந்தப் பெயரை இன்று கண்ட கவருக்கெல்லாம் வைத்து விற்கிறார்கள்.

அவர் அனுப்பிய படத்தில் 'ஜூலை 20, 1969' முத்திரை பளிச்சென்று இருந்தது. தபால்தலை, நிலவில் கால் வைக்கும் வீரர் படம் போட்ட 10 சென்ட் விமானத் தபால்தலை. இந்த முறை கையெழுத்துப் பக்கம் நான் போகவேயில்லை. அந்தத் தபால்தலை வெளியானது 1969 செப்டம்பர் 9. அதன் முதல் நாள் உறைகளில் இரண்டு முத்திரை இருக்கும், நிலவில் இறங்கிய நாளை நினைவூட்டும் ஜூலை 20 ஒன்று, வாஷிங்டன், செப்டம்பர் 9 என்று இன்னொன்று. படத்தில் இரண்டாவது முத்திரை இருக்கும் ஓரம் லேசாக வெட்டப்பட்டிருந்தது. ஜூலையில் முத்திரை வாங்கிய கவரில் செப்டம்பரில் வந்த தபால்தலை எப்படி ஒட்டும்? முழுப் படம் கேட்டேன். பதில் நின்றுபோனது.

பயத்தில் என்னிடம் இருந்த மற்றவற்றையும் எடுத்துப் பார்த்தோம். இன்னொரு விண்வெளி வீரரின் கையெழுத்து, இணையத்தில் கிடைத்த வேறொரு பிரதியின் மேல் வைத்தால் மயிரிழை பிசகாமல் பொருந்தியது. மனுஷன் கை இரண்டு தடவை ஒரே மாதிரி எழுதாது. அது ஆட்டோபென், அச்சை வைத்துக்கொண்டு நிஜப் பேனாவால் எழுதும் இயந்திரம். ரசிகர் கடிதங்கள் குவிந்த காலத்தில் நாசாவே பயன்படுத்தியது. மை நிஜம் என்பதால் பூதக்கண்ணாடிக்கும் தப்பிவிடும். அதில் யாரும் என்னை ஏமாற்றவில்லை, 30 டாலர்தான், போகட்டும்.

"கவரில் காசு இருக்கிறது என்று தெரிந்தபின் வீரர்களே தடுமாறியிருக்கிறார்கள்" என்று பெரியவர் அப்பல்லோ 15ஐ ஞாபகப்படுத்தினார். 1971இல் சுமார் 400 கவர்களை அனுமதியில்லாமல் நிலவுக்குக் கொண்டுபோய், அதில் 100 ஒரு ஜெர்மன் வியாபாரியின் கைக்குப் போய், நாசா கண்டித்தது. மூவரில் ஒருவரும் அப்புறம் விண்வெளிக்குப் போகவில்லை. என்னைத் தேற்றத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

கவர் இப்போது மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மெக்டிவிட்டுக்காக 40 டாலர் தருவதாகப் பெரியவர் சொன்னார், கொடுக்க மனம் வரவில்லை. பின்பக்கம் 'ஒயிட் கையெழுத்துப் போலி' என்று பென்சிலால் எழுதச் சொன்னார். எழுதினேன். அழித்துவிடுவார்களோ என்று உள்ளே இருக்கும் அட்டையில் பேனாவாலும் எழுதி வைத்திருக்கிறேன்.

போன வாரம் அதே விற்பனையாளரின் பட்டியலைத் திறந்தேன். அதே இரட்டைத் தபால்தலை, அதே 1967 செப்டம்பர் 29, மெக்டிவிட், பக்கத்தில் ஒயிட். விலை 710. சான்றிதழ் உண்டாம்.