ஆலையை விற்பது: 1938 நவம்பருக்கு முன்னும் பின்னும்
நாஜி ஜெர்மனியில் யூத ஆலை முதலாளி, 1938 நவம்பரில் யூதர்கள் மீது நடந்த வன்முறைக்கு முந்தி விற்றால், வாங்குபவரை அவரே தேடலாம், பேரமும் பேசலாம். ஆனால் பெரும்பாலும் இயந்திரத்துக்கும் சரக்குக்கும்தான் விலை. தொழிலின் நற்பெயருக்குக் காசு கிடையாது. கட்சியின் பொருளாதார ஆலோசகர் ஒப்பந்தத்தைப் பார்த்து விலையை இன்னும் அடிப்பார்.

1938 டிசம்பர் 3 ஆணைக்குப் பிறகு அந்தப் பேரமும் போயிற்று. விற்கச் சொல்லி அரசு உத்தரவிடலாம். மறுத்தால் பொறுப்பாளரை அமர்த்தி விற்றுவிடும். பணம் முடக்கப்பட்ட கணக்குக்குப் போகும். 5,000 ரைஷ்மார்க்குக்கு (அன்றைய ஜெர்மன் நாணயம்) மேல் சொத்திருந்தால் தண்டவரி வேறு: முதலில் 20%, பிறகு 25%.

கணிசமான சொத்தோடு நாட்டைவிட்டு வெளியேறினால், முந்தி விற்றவர், பிந்தி விற்றவர் இருவருக்கும் 25% வெளியேற்ற வரி. மிச்சத்தை அந்நியச் செலாவணியாக மாற்றுவதில்தான் பெரிய வேறுபாடு: 1934-ல் பிடித்தம் 65%, 1939 செப்டம்பரில் 96%.