பதில் யாருக்குப் போக வேண்டும்? குனு மெயில்மேன்: ஒரு நிர்வாகியின் மதிப்பீடு

கட்டற்ற மென்பொருள் ஒன்றின் பயனர்களும் நிரலர்களும் மின்னஞ்சல் வழியே கூடிப் பேசும் மடற்குழுவை நான்கு ஆண்டுகளாக நிர்வகித்து வருகிறேன். குழு இயங்குவது குனு மெயில்மேன் என்ற மடற்குழு மென்பொருளின் 2.1 பதிப்பில். அதன் நிர்வாகப் பக்கங்களில் அமைப்புகளுக்குக் குறைவே இல்லை. ஆயினும் ஒரு குழுவின் இயல்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அவற்றுள் ஒன்றுதான்: உறுப்பினர் "பதில்" பொத்தானை அழுத்தினால் அந்த மடல் எழுதியவருக்கு மட்டும் போகிறதா, குழு முழுவதற்கும் போகிறதா என்பது. அந்த அமைப்பை முன்வைத்தே மெயில்மேனை இங்கே மதிப்பிடுகிறேன்.

தெரிவுகள் மூன்று: எழுதியவர், இந்தக் குழு, குறிப்பிட்ட வேறொரு முகவரி. மென்பொருளை நிறுவியவுடன் இருப்பது முதலாவது. பெரும்பாலான குழுக்களுக்கு அதுவே உகந்தது என்று அமைப்புப் பக்கமும் வலியுறுத்துகிறது. இதில் மெயில்மேன் மடலின் தலைப்பகுதியில் உள்ள "ரிப்ளை-டு" (பதில் பெறும் முகவரி) வரியைத் தொடுவதில்லை. இரண்டாவதைத் தேர்ந்தால் அந்த வரியில் குழுவின் முகவரியை எழுதிவிடுகிறது. இணைய நடைமுறைகளை வகுக்கும் ஆர்.எஃப்.சி. ஆவணங்களில், 1982-இல் வந்த 822 முதல் 2008-இன் 5322 வரை, தமக்குப் பதில் எந்த முகவரிக்கு வர வேண்டும் என்பதை மடலை எழுதியவர் தெரிவிக்கும் இடமாகவே அந்த வரி வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே குழு மென்பொருள் அங்கே எழுதும்போது, பிறருக்கு உரிய இடத்தில்தான் எழுதுகிறது. உறுப்பினர் தாமே இட்ட ரிப்ளை-டுவை முழுவதும் அகற்றிவிடும் அமைப்பு ஒன்றும் அதே பக்கத்தில் உள்ளது. அதை எவரும் இயக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

நான் பொறுப்பேற்றபோது எங்கள் குழுவில் "இந்தக் குழு" என்ற தெரிவே இருந்தது. ஒரு நாள், அடுத்த வெளியீடு ஏன் தாமதமாகிறது என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான நிரலர் தம் வீட்டில் ஒருவருக்கு இருந்த நோயைப் பற்றியும், அதனால் தாம் தூங்காமல் கழித்த வாரங்களைப் பற்றியும் எழுதி, கேட்டவருக்கு மட்டும் போகும் என்ற நம்பிக்கையில் பதில் பொத்தானை அழுத்தினார். மடல் எல்லா உறுப்பினருக்கும் போனது. பொதுக் காப்பகத்திலும் ஏறியது. மெயில்மேன் 2.1-இல் காப்பகத்திலிருந்து ஒரு மடலை நீக்க, மூலக் கோப்பைத் திருத்திவிட்டுக் காப்பகம் முழுவதையும் மறுபடி உருவாக்க வேண்டும். அதைச் செய்து முடித்தேன். உறுப்பினர்களின் அஞ்சல் பெட்டிகளுக்குள் போய்விட்டதை என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. மறுநாள் அவர் குழுவிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். அன்றே அமைப்பை மாற்றினேன்.

மாற்றியதால் நேர்ந்த இழப்பையும் மறைக்கக் கூடாது. அடுத்த சில மாதங்களில் காப்பகம் கேள்விகளால் நிறைந்தது. பதில்கள் தனி மடல்களாகப் போய் மறைந்தன. தொழில்நுட்பக் குழுவுக்கு இது சிறிய குறையன்று. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பிழைச்செய்தியைத் தேடி வருபவருக்குக் கேள்வி கிடைக்கிறது, தீர்வு கிடைப்பதில்லை. சன் கணினிகளை நிர்வகிப்போரின் பழைய மடற்குழுவான சன்-மேனேஜர்ஸில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது: பதில்கள் கேட்டவருக்குத் தனியே போகும், அவர் எல்லாவற்றையும் தொகுத்து, பொருள் வரியில் "சுருக்கம்" என்று குறித்துக் குழுவுக்கு ஒரே மடலாக அனுப்ப வேண்டும். அதையே நாங்கள் "தீர்வு" என்ற முன்னொட்டுடன் பின்பற்றத் தொடங்கினோம். எல்லோரும் அனுப்புவதில்லை, நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் வருகிற தீர்வு மடல், இருபது மடல்கள் கொண்ட ஓர் இழையை விடப் பல மடங்கு பயன்படுகிறது. இந்த ஒழுங்கைக் காப்பதற்கு மெயில்மேன் எந்த உதவியும் செய்வதில்லை என்பது உண்மையான குறை.

பதிலைக் குழுவுக்கே அனுப்ப இன்னொரு வழி 1998-இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. குழுவுக்கு எழுத வேண்டிய முகவரியைத் தரும், ஆர்.எஃப்.சி. 2369 குறிப்பிடும் "லிஸ்ட்-போஸ்ட்" வரியை மெயில்மேன் ஒவ்வொரு மடலிலும் சேர்க்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த அஞ்சல் செயலியில் எழுதியவருக்குப் பதில், அனைவருக்கும் பதில் என்பவற்றோடு குழுவுக்குப் பதில் என்ற மூன்றாவது வழியும் கிடைக்கும். மட் செயலியில் பெரிய எழுத்து எல், தண்டர்பேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் ஆகிய விசைகள் அதற்கு உரியவை. தொலைபேசிச் செயலிகள் பலவற்றில் அந்த வழி இல்லை என்பதால், அவற்றைப் பயன்படுத்துவோர் அனைவருக்கும் பதில் அனுப்புகிறார்கள். அதனால் ஒரே மடல் ஒருவருக்கு இரண்டு முறை வரக்கூடும். பெறுநர் வரியில் ஏற்கெனவே பெயர் உள்ளவருக்குக் குழுப் பிரதியை அனுப்பாமல் விடும் வசதி மெயில்மேனில் இயல்பாகவே இயங்குகிறது. நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டதுதான், ஆனால் நேரே வரும் அந்தப் பிரதியில் லிஸ்ட்-போஸ்ட் போன்ற குழுவின் வரிகள் இருப்பதில்லை. வடிகட்டி அதைக் குழுவின் கோப்புறையில் சேர்க்காது. குழுவுக்குப் பதில் அனுப்பும் வழியும் அங்கே கிடைக்காது. நான் என் கணக்கில் இதை அணைத்து வைத்திருக்கிறேன்.

எது மரியாதை என்பதில் குழுவுக்குக் குழு வேறுபாடு உண்டு. லினக்ஸ் கெர்னல் குழுவில் பெறுநர் யாரையும் விடாமல் அனைவருக்கும் பதில் அனுப்ப வேண்டும். டெபியன் குழுக்களில், எழுதியவர் தாமே கேட்டாலன்றி அவருக்குத் தனிப் பிரதி அனுப்பக் கூடாது. இரண்டும் எழுதி வைக்கப்பட்டிருப்பதால் இரண்டுமே நன்றாக நடக்கின்றன. மெயில்மேனின் வரவேற்பு மடலில் நிர்வாகி தம் சொந்த வரிகளைச் சேர்க்கலாம். எங்கள் குழுவின் வழக்கத்தை நான்கு வரிகளில் அங்கே எழுதிய பின் புதியவர்களின் குழப்பம் பெருமளவு தணிந்தது.

2014 ஏப்ரலில் அனுப்புநர் முகவரி போலியா என்று சரிபார்க்க உதவும் தன் டிமார்க் கொள்கையை யாகூ கடுமையாக்கியதும், அந்த முகவரிகளிலிருந்து குழுவுக்கு வந்த மடல்களைப் பிற சேவைகள் நிராகரிக்கத் தொடங்கின. இதற்கு மெயில்மேனில் ஒரு மாற்று உண்டு: அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியை இட்டு, எழுதியவரின் உண்மை முகவரியை ரிப்ளை-டுவில் வைப்பது. மனம் ஒப்பாவிட்டாலும் வேறு வழியில்லை. எல்லா மடல்களுக்கும் இதைச் செய்யாமல், அத்தகைய கொள்கை உள்ள முகவரிகளுக்கு மட்டும் செய்யும் தெரிவைப் பயன்படுத்துங்கள்.

மேற்கோள் ஒழுங்கில் மென்பொருளால் ஆவது கொஞ்சமே. தேவையான அளவுக்கு மட்டும் மூல மடலை மேற்கோள் காட்டுங்கள் என்று 1995-இன் ஆர்.எஃப்.சி. 1855 சொன்னதை இன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இயல்பாக அமைந்த 40 கிலோபைட் வரம்பு, ஒரு நாளின் மடல்களைச் சேர்த்தனுப்பும் தொகுப்பு முழுவதையும் மேற்கோளாக இழுத்துவரும் மடல்களில் பலவற்றை நிறுத்தி என் பார்வைக்கு அனுப்புகிறது. அதை உயர்த்தாதீர்கள்.

புதிதாகக் குழு தொடங்குவோர் 2.1-ஐத் தேர வேண்டாம். அது சார்ந்துள்ள பைத்தான் 2 நிரல்மொழிக்கு ஆதரவு 2020-இல் முடிந்துவிட்டது. மெயில்மேன் 3-இல் பதில் அமைப்பைத் தேடிப் பிடிக்கச் சற்று நேரம் ஆகும், விளக்கமும் போதாது. ஆயினும் அதனுடன் வரும் ஹைப்பர்கிட்டி காப்பகத்தில், இணைய உலாவியிலிருந்தே இழையின் கீழ் எழுதிக் குழுவுக்குப் பதில் அனுப்ப முடிகிறது. தொலைபேசியில் மட்டும் மடல் பார்க்கும் உறுப்பினர்களுக்கு இதுவரை இல்லாதிருந்த அந்த மூன்றாவது வழி இது. எங்கள் குழுவை அதற்கு மாற்றும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன்; ரிப்ளை-டுவை அங்கும் தொடப் போவதில்லை.