எக்ஸ்டென்ஷன் கோட் வாங்கும்போது எந்த முத்திரையைப் பார்ப்பது?

இலங்கையின் ஹட்டன் கடைவீதியில் எக்ஸ்டென்ஷன் கோட் (சுவர்ச் சொக்கெட்டிலிருந்து மின்சாரத்தை நீட்டி எடுக்கும் கம்பி) கேட்டால் இரண்டு வகை கைக்கு வரும்: இலங்கைத் தர முத்திரையான எஸ்.எல்.எஸ். உள்ளது, சி.இ. என்று மட்டும் அச்சடித்தது. இவை தவிர, இந்தியாவுக்குப் போய்வந்த உறவினர் பெட்டியில் வருவது, இந்தியத் தர முத்திரையான ஐ.எஸ்.ஐ. உள்ளது. நான் எஸ்.எல்.எஸ். உள்ளதையே வாங்கினேன். விலை கூடத்தான், கம்பியின் நீளமும் நிறமும் அவரவர் தேவை.

சி.இ. ஐரோப்பியச் சந்தைக்கான குறி. வீட்டு மின்சாதனங்களில் பெரும்பாலும் உற்பத்தியாளர் தாமே பரிசோதித்து, விதிகளுக்கு அமைந்தது என்று தாமே உறுதிகூறி ஒட்டிக்கொள்வது. பிளக்குக்கும் சொக்கெட்டுக்கும் அதுவும் பொருந்தாது. ஐரோப்பாவின் தாழ் மின்னழுத்தச் சட்டம் வீட்டுப் பாவனைக்கான பிளக், சொக்கெட் இரண்டையும் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. எந்த நாட்டுப் பிளக்கையும் ஏற்கும் அகன்ற துளை வைத்த சொக்கெட்டில் சி.இ. என்று பெரிதாக இருப்பதைக் கண்டு நம்பிவிட வேண்டாம்.

ஐ.எஸ்.ஐ. அப்படியல்ல. இந்தியத் தர நிர்ணய அமைவனம் தொழிற்சாலையைப் பார்த்து, மாதிரியைச் சோதித்து உரிமம் தருகிறது. முத்திரைக்கு மேலே தர இலக்கமும் கீழே உரிம இலக்கமும் இருக்கும். மின்னழுத்தமும் நமக்கு ஒத்துவரும், அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆனால் பிளக் வட்ட முனை. இங்கே 13 அம்பியர் சதுர முனைதான் தேசியத் தரம். வட்ட முனை வகைகளின் உற்பத்தியும் இறக்குமதியும் 2017இலேயே தடுக்கப்பட்டன. ஆகவே இடையில் ஓர் அடப்டர் வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது அந்த அடப்டர்தான். அடப்டர்களில் பல ஏர்த்தை, அதாவது கசியும் மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கும் இணைப்பை, தொடுவதே இல்லை. மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்து லயன் (வரிசை) வீட்டுச் சீமெந்துத் தரை ஈரம் காயாது. வெறுங்காலுடன் நின்றுதான் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைக்கிறோம். கேத்தலின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், ஏர்த் இருக்கும்போது அது கம்பி வழியே இறங்கும், கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சும் உடனே விழும். ஏர்த் அறுந்திருந்தால், தொடும் ஆளின் உடம்பு வழியேதான் நிலத்துக்கு இறங்கும்.

சதுர முனைப் பிளக்கில் ஏர்த் முனை மற்ற இரண்டையும்விட நீளம். அது முதலில் உள்ளே போய், மற்ற இரு துளைகளின் மூடியைத் திறந்த பிறகுதான் மின்முனைகள் தொடும். இரட்டை முனைச் சார்ஜரைச் செருகப் பலர் ஏர்த் துளையில் பேனா மூடியைக் குத்தி இந்த மூடியைத் திறக்கிறார்கள். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிளக்குக்குள்ளேயே ஃபியூஸும் இருக்கிறது, இந்திய வட்ட முனைப் பிளக்கில் அது வழக்கமில்லை. 13 அம்பியர் என்றால் ஏறக்குறைய 3,000 வாட்ஸ். 2,000 வாட்ஸ் கேத்தலையும் 1,500 வாட்ஸ் ஹீட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் கோட்டில் போட்டால் அந்த அளவு தாண்டிவிடும்.

எஸ்.எல்.எஸ். முத்திரையை வழங்குவது இலங்கை கட்டளைகள் நிறுவனம். 1984ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. உற்பத்தி முறையை ஆராய்ந்து, மாதிரிகளைச் சோதித்த பின்பே அனுமதிப்பத்திரம். போலி முத்திரையும் வரலாம் என்பதால், பிளக்கின் மூடியைக் கழற்ற முடிந்தால் வாங்குமுன் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மண்ணிறம், நீலம், பச்சை-மஞ்சள் (இதுதான் ஏர்த்) என்று மூன்று கம்பிகள் இருக்க வேண்டும். மலிவானவற்றில் பச்சை-மஞ்சள் கம்பி இல்லாமல், ஏர்த் முனை வெறும் பிளாஸ்டிக்காக நிற்பதும் உண்டு.

நான் வாங்கியது எத்தனை வருடம் உழைக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது. அடிக்கடி செருகிக் கழற்றினால் உள்ளே பித்தளைப் பிடி தளரும். பிளக் சூடானால் கோட்டை மாற்றிவிடுவதே சரி. ஐ.எஸ்.ஐ. கோட்டை இதற்குள் வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மின்வினைஞரைக் கொண்டு வட்டப் பிளக்கை வெட்டி, மூன்று கம்பியையும் சேர்த்து, கம்பி தாங்கும் அளவுக்கு ஏற்ற ஃபியூஸ் உள்ள எஸ்.எல்.எஸ். சதுரப் பிளக் போடலாம்.

இவை எல்லாம் சுவர்ச் சொக்கெட்டில் ஏர்த் இருந்தால்தான் பயன்படும். பழைய லயன் வீடுகளில் முதலில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.