பைதிசெங் கரைச்சுற்றுலா: இடம் அருமை, கதை பாதிதான்

சீனாவின் சோங்சிங்கில் ஏறி யாங்சி நதியில் கீழ்நோக்கிப் போகும் கப்பல்கள் பலவும் பைதிசெங் என்ற பழைய கோட்டைக் குன்றில் நிற்கும். இறங்கிப் பார்க்கத் தனிக் கட்டணம். கட்டலாமா, கப்பலிலேயே உட்கார்ந்திருக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். இடத்துக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன். எங்கள் கப்பல் நிறுவனம் அமர்த்திய வழிகாட்டிக்கு இரண்டரைக்கு மேல் மனசு வரவில்லை.

முன்பு அது ஆற்றங்கரைக் குன்றாக இருந்தது. கீழே அணை கட்டி நீர்மட்டம் 175 மீட்டர் வரை ஏறியபிறகு நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்து தீவாகிவிட்டது, பாலத்தில் நடந்துதான் போக வேண்டும். அப்புறம் படிகள், நிறையப் படிகள். முழங்கால் வலிக்காரர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போக ஆட்கள் இருக்கிறார்கள், ஏறுவதற்கு முன்பே விலையைப் பேசிவிடுங்கள்.

நான் பணம் கட்டியது ஒரே ஒரு மண்டபத்துக்காக. உள்ளே ஆளுயரச் சிலைகள், வண்ணம் பூசியவை. படுக்கையில் சாகக் கிடக்கிறார் ஷூ நாட்டு மன்னர் லியூ பேய், சீனா ஷூ, வூ, வேய் என்று மூன்று நாடுகளாகப் பிரிந்திருந்த காலத்தவர். பக்கத்தில் தலைமை அமைச்சர் ஜுகே லியாங். அவர் முன்னால் இரண்டு சின்னப் பையன்கள் மண்டியிட்டிருக்கிறார்கள், மன்னரின் பிள்ளைகள். ராஜாவின் பிள்ளைகள் அமைச்சர் முன்னால் மண்டியிடுவதைப் பார்க்கும்போது என்னவோ செய்கிறது. "இனி இவரைத் தகப்பனாக நினைத்து நடந்துகொள்ளுங்கள்" என்று அப்பா சொல்லிவிட்டார், அதனால்தான். பட்டத்துக்குரிய மூத்தவன் லியூ ஷான் அந்தக் கூட்டத்தில் இல்லை, 16 வயதுப் பையன், தலைநகர் செங்டுவில் இருந்தான். அப்பா கண்ணை மூடும்போது கூட இல்லாத பிள்ளைக்குத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

இது நடந்தது 223இல். முந்தின வருடம் யிலிங்கில் வூ நாட்டுத் தளபதி லூ சுன் நெருப்பு வைத்து ஷூ படையைச் சுத்தமாக அழித்திருந்தார், தோற்று ஓடிவந்து ஒதுங்கிய இடம்தான் பைதிசெங். முப்பது வருடத்துக்கும் மேலாகக் கூடவே சண்டை போட்ட குவான் யூ இல்லை, ஜாங் ஃபெய்யைச் சொந்த ஆட்களே 221இல் கொன்றுவிட்டார்கள், மற்ற பெரிய தளபதிகளான ஹுவாங் ஜோங்கும் மா சாவும்கூடப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். படையைக் கொடுக்க ஆள் தேடும்போது கைக்கு எட்டிய பெரிய பெயர்கள் மிகக் கொஞ்சம். அதை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சிலைகளைப் பாருங்கள்.

எங்கள் வழிகாட்டி ஒலிபெருக்கியில் சொன்னது எல்லாருக்கும் தெரிந்த பாதி. "உங்கள் திறமை சாவ் பீயைப் (வடக்கே இருந்த எதிரி நாடான வேயின் மன்னர்) போலப் பத்து மடங்கு. என் மகன் தேறுவான் என்றால் துணை நில்லுங்கள், தேறமாட்டான் என்றால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மன்னர் சொன்னதும், ஜுகே லியாங் அழுதுகொண்டே சாகும்வரை உழைப்பேன் என்றதும். சொல்ல வேண்டிய கதைதான், நானும் கண்கலங்கினேன். ஆனால் அந்த அறையில் பொறுப்பு வாங்கியவர் ஒருவர் மட்டும் இல்லை. லி யான் என்ற இன்னொருவரையும் மன்னர் நியமித்தார், உள்ளேயும் வெளியேயும் உள்ள படைகளுக்கெல்லாம் பொறுப்பு என்ற பட்டத்தோடு இதே பைதிசெங்கில் காவலுக்கு நிறுத்தினார். ஜுகே லியாங் மன்னரின் உடலோடு செங்டுவுக்குத் திரும்ப, லி யான் இங்கேயே இருந்தார்.

ஏன் லி யான்? மண்டபத்தை விட்டு வெளியே வந்து நதியைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். கிழக்கே சுதாங் பள்ளத்தாக்கின் வாசல், வூ படகுகள் ஏறி வந்தால் இந்த வழியாகத்தான் வர வேண்டும், இங்கே ஒரு படைத்தலைவர் இருந்தே ஆக வேண்டும். மிச்சப் பாதி உள்ளூர் அரசியல். லியூ பேய் அந்த நாட்டுக்கு வெளியாள், அதைப் பிடித்துப் பத்து வருடம்கூட ஆகவில்லை. லி யான் பழைய ஆட்சியில் பதவியில் இருந்து பிறகு இவர் பக்கம் வந்தவர். ஒருவருக்குப் பிள்ளையையும் நாட்டையும் கொடுத்து, பழைய ஆட்களில் ஒருவர் கையில் வாளையும் வைத்தால் எல்லாரும் சேர்ந்து இருப்பார்கள் என்று மன்னர் நினைத்திருக்க வேண்டும், அப்படித்தான் எனக்குப் படுகிறது. அப்படி நடக்கவில்லை. பட்டம் லி யானிடம் இருந்தாலும் 227இல் பெரிய படையோடு வடக்கே போனவர் ஜுகே லியாங்தான். 231இல் போர்முனைக்குத் தானியம் அனுப்ப முடியாமல் போக, லி யான் பொய் சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். ஜுகே லியாங் அவருடைய கடிதங்களையே எடுத்து முன்னால் வைத்தார். பதவி பறிபோய், சாதாரண ஆளாக ஊரைவிட்டு அனுப்பப்பட்டார்.

இதில் ஒரு வரிகூட வழிகாட்டி சொல்லவில்லை. கேட்டதற்கு, நேரமில்லை என்றார். மண்டபத்தில் எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம், நினைவுப்பொருள் கடையில் இருபத்தைந்து. இத்தனை தூரம் வந்தவர்களுக்கு அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியிருந்தால் இவருக்கும் ஐந்து கொடுத்திருப்பேன், மனிதர் நல்லவர், குரலும் நல்ல குரல். கப்பல் ஏறிய சோங்சிங்கே அந்தக் காலத்து ஜியாங்ஜோ, லி யான் பெரிய மதில் கட்டிய ஊர். புறப்படும் அன்றே அதைச் சொல்லியிருக்கலாமே.

போகிறவர்கள் முந்தின இரவே அந்த இருவரைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிடுங்கள். மண்டபத்தில் கூட்டம் நகரும்வரை ஓரமாக நில்லுங்கள், கடையைத் தவிர்த்தால் நேரம் கிடைக்கும். பத்து யுவான் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் மலைவாசல் இங்கிருந்துதான் தெரியும், எல்லாரும் நோட்டைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். திரும்பிக் கப்பலில் உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, விரட்டப்பட்ட பிறகும் லி யான் ஜுகே லியாங் தன்னைத் திரும்பக் கூப்பிடுவார் என்றே காத்திருந்தாராம். 234இல் அவர் இறந்த செய்தி வந்ததும் இவரும் நோயில் விழுந்து போய்விட்டார்.