பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் இதைப் படியுங்கள்

நேற்று மாலைதான் முழு உண்மையும் தெரிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதச் சம்பளம் போய்விட்டது. பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கான ஓர் இணைய ஏலத் தளத்தில், 'கீல் இறுக்கம், தாழ்ப்பாள் இறுக்கம், புதுசு மாதிரி' என்று போட்டு விற்ற துப்பாக்கிக்குக் கொடுத்த பணம் அது. தளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எப்படி ஏமாந்தேன் என்று சொல்கிறேன். கடைசியில், வாங்குமுன் பார்க்க வேண்டியதை எல்லாம் விளக்கமாக எழுதுகிறேன்.

12 போர் (குழல் துளையின் அளவு), பக்கத்துப் பக்கம் இரண்டு குழல், ஆன்சன்–டீலி பாக்ஸ்லாக், அதாவது சுடும் பொறி உடம்புக்குள்ளேயே அடங்கிய வகை. 1875-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு; உள்ளே பாகங்கள் குறைவு, லேசில் கெடாது. அடியில், மூடிய குழலைப் பூட்டி வைக்க, பர்டி என்ற லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் 1863-இல் கொண்டுவந்த இரட்டைத் தாழ்ப்பாள். இந்த மாதிரித் துப்பாக்கியில் கவலைப்பட வேண்டிய இடம், தோட்டா போடக் குழலை மடக்கித் திறக்கும் கீல். குழலுக்கு அடியில் உள்ள கொக்கி, உடம்பில் (குழல் மாட்டும் இரும்புப் பகுதி) இருக்கும் முளையில் மாட்டிக்கொண்டு சுழல்கிறது. ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடி, ஒவ்வொரு வெடிக்கும் இழுபட்டு, இரண்டுமே தேயும். தேய்ந்தால் குழலின் பின்முகம் உடம்பின் முகத்தை விட்டு விலகி நிற்கும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்துமா ஏமாந்தாய் என்றால், ஆமாம்.

விற்றவர் வீடியோ அழைப்பில் வந்தார். வயதானவர், நிதானமான பேச்சு. துப்பாக்கியைத் திறந்து மூடிக் காட்டினார். 'டக்' என்று ஒரே சத்தம், கனமான பெட்டி மூடுகிற மாதிரி. கட்டையைப் பிடித்துக் குலுக்கினார், அசையவே இல்லை. தாழ்ப்பாளைத் திறக்கும் மேல் லீவர் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நின்றது. தாழ்ப்பாள் தேயத் தேய லீவர் இடப்பக்கம் போகும் என்பதால் அதை மட்டும் உற்றுப் பார்த்துத் திருப்திப்பட்டேன். அப்புறம் அவர் சொன்னார்: "யாருக்கும் கொடுக்க மனசில்லை தம்பி. உங்களைப் பார்த்தால் ஒழுங்காக வைத்துக்கொள்வீர்கள் என்று தோன்றுகிறது." அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தேன். முன்கட்டையை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரத்துண்டு) கழற்றிவிட்டுக் குலுக்கிக் காட்டுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. பெரியவரைச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்குமே என்று கூச்சம். முன்கட்டையின் ஸ்பிரிங் குழலை இறுக்கிப் பிடித்து, கீலின் ஆட்டத்தை மறைத்துவிடும். அவருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பணம் போட்டேன். உரிமத்தில் ஏற்றி என் கைக்கு வர மூன்று வாரம் ஆனது. தளத்தில் புகார் செய்யக் கெடு, பணம் கட்டியதிலிருந்து 7 நாள். இந்தக் கணக்கைக் கவனித்தீர்களா? பொருளைக் கையில் தொடுமுன்பே கெடு முடிந்துவிட்டது.

சுடும் தளத்தில் இருபது தோட்டா வரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மூடும்போது சத்தம் மாறியது. வெடித்த தோட்டாவை எடுத்துப் பார்த்தால், அடியில் இருக்கும் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) லேசாக வெளியே துருத்திக்கொண்டிருந்தது. முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை அசைத்தேன். கடக், கடக். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குழலுக்கும் முகத்துக்கும் நடுவே நூல் மாதிரி ஒரு வெளிச்சக் கோடு. தோட்டாவின் அடிக்குப் பின்னால் முட்டு இல்லை என்று அர்த்தம். அது கிழிந்தால் வாயு வருவது என் முகத்துக்கு.

விற்றவருக்கு எழுதினேன். "பழைய துப்பாக்கி கொஞ்சம் ஆடத்தான் செய்யும்." மறுபடி எழுதினேன். "என்ன தோட்டா போட்டீர்கள்?" 65 மில்லிமீட்டர், அழுத்தம் குறைந்தது, குழலில் தோட்டா உட்காரும் அறையின் நீளத்தையும் சோதனை முத்திரையையும் பார்த்துத்தான் போட்டேன் என்றேன். "அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது." அதோடு சரி. தளத்துக்கு எழுதினால், 'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது' என்று ஒரு வரி. மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் அதே வரி. கடைசித் தடவை என் பெயர்கூடத் தப்பு. மூன்று மாதச் சம்பளம் ஐயா, ஒரு மனிதர்கூடவா படிக்க மாட்டீர்கள்?

நேற்று ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கொக்கியின் வளைவில் கெட்டியாக அப்பியிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு, இடுக்கியால் எதையோ இழுத்தார். பித்தளைத் தகடு. நகம் அளவு, ஒரு ஓரம் நசுங்கிக் கிழிந்திருந்தது. தேய்ந்த இடைவெளியை அடைத்து ஆட்டத்தை மறைக்க வைத்தது. குழலின் பின்முகத்தில் விளக்குக் கரி பூசி, மூடித் திறந்தார். எதிர்முகத்தில் ஒரு புள்ளி கரிகூட ஒட்டவில்லை, இரண்டு முகமும் தொடவே இல்லை. லீவரையும் காட்டினார்: அடியில் நிறம் வேறாக இருந்தது, சூடுகாட்டி வலப்பக்கம் வளைத்திருக்கிறார்கள். நான் நம்பிய ஒரே அடையாளமும் செய்த வேலைதான்.

தகட்டைப் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். இரவு பதில் வந்தது: "எனக்கு முன்னால் வைத்திருந்தவர் செய்திருப்பார்."

ஒழுங்காகச் சரிசெய்ய வேண்டுமென்றால் பெரிய அளவில் புது முளை போட வேண்டும், அல்லது கொக்கியில் உலோகம் ஏற்றி, கரி பூசிப் பூசி அராவிப் பொருத்த வேண்டும். கூலி இன்னும் ஒரு மாதச் சம்பளம் என்கிறார். அதன்பின், அதிக அழுத்தத் தோட்டாவைச் சுட்டு வலிமை பார்க்கும் புரூஃப் சோதனை வேறு.

விளக்கமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது பொறுமை இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முன்கட்டையைக் கழற்றாமல் குலுக்கிக் காட்டினால் நம்பாதீர்கள். கிரீஸைத் துடைக்கச் சொல்லுங்கள், கொக்கியை நெருக்கத்தில் படம் கேளுங்கள். லீவர் நிற்கும் இடத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குழலைத் தனியாகத் தொங்கவிட்டுத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் இரண்டு குழலையும் இணைக்கும் நடுப்பட்டை விட்டிருக்கலாம் (என்னுடையது நன்றாகவே ஒலிக்கிறது, அந்த மட்டில் சந்தோஷம்). புகார்க் கெடு பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தா, பணம் கட்டிய நாளிலிருந்தா என்று முதலில் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் 'இன்னும் ஒரே ஒரு தோட்டா' என்று சுட்டுப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். முகம் தப்பியது, மூன்று மாதச் சம்பளம் தப்பவில்லை.