நெல்லையில் "சிசிடிபி" வகுப்புக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

நெட்வொர்க் டிசைன் படிப்பு என்று சொல்லி இங்குள்ள ஒரு பயிற்சி நிலையம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்துப் பிள்ளைகளிடம் ஆளுக்கு 35,000 ரூபாய் வாங்கியிருக்கிறது. நோட்டீசில் இருப்பது சிசிடிபி, அதாவது நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் டிசைன் சான்றிதழ்; தேர்வு எண் 300-320. அந்தத் தேர்வை 2020 பிப்ரவரி 24-ஆம் தேதியோடு சிஸ்கோ நிறுத்திவிட்டது. அதற்கு ஒரு படி கீழே இருந்த சிசிடிஏ சான்றிதழும் அப்போதே போய்விட்டது. இல்லாத தேர்வுக்கு மூன்று மாதம் வகுப்பு நடந்திருக்கிறது.

நிலையத்தில் கேட்டதற்கு, "பேருதான் தம்பி மாறியிருக்கு, பாடம் எல்லாம் அதேதான்" என்று பதில் வந்தது. அது பொய். இப்போது எழுத வேண்டியவை இரண்டு: மையத் தேர்வான என்கோர் 350-401 (120 நிமிடம், 400 டாலர்), டிசைனுக்கான 300-420 (90 நிமிடம், 300 டாலர்). இரண்டும் தேறினால்தான் சிசிஎன்பி என்டர்பிரைஸ் என்ற சான்றிதழ். 300-420 மட்டும் தேறினால் ஸ்பெஷலிஸ்ட் சான்றிதழோடு சரி. எஸ்டி-வான், எஸ்டி-ஆக்சஸ் (மென்பொருளால் நெட்வொர்க்கை நடத்தும் முறைகள்), நெட்கான்ஃப், யாங் (கருவிகளைத் தானியங்கியாக அமைக்க உதவுபவை) எல்லாம் பாடத்திட்டத்தில் உண்டு. அங்கே கொடுத்த நோட்டில் அவற்றைப் பற்றி ஒரு வரி கிடையாது.

"தேர்வுக் கட்டணமும் இதிலேயே அடக்கம்" என்றும் சொல்லியிருக்கிறார்கள். டாலர் 80 ரூபாய் என்றே வைத்தாலும் இரண்டு தேர்வுக்கு 56,000 ஆகிறது, வரி தனி. 35,000-க்குள் இது எப்படி அடங்கும்?

பணத்தை விடப் பெரிய நஷ்டம் பாடத்தில். மூன்று மாதமும் பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளில் கமாண்ட் அடிக்கத்தான் பழக்கினார்கள். டிசைன் தேர்வு அதைக் கேட்பதில்லை. நான்கு விடையுமே வேலை செய்யும், கொடுத்த தேவைக்கு எது பொருந்தும் என்று கேட்கும். ஒரு கடைக்குத் தென்காசி, வள்ளியூர், சங்கரன்கோவில், அம்பாசமுத்திரத்தில் கிளைகள், கிளைக்கு நான்கு விலான் (ஒரு நெட்வொர்க்கைப் பிரித்த தனிப் பகுதி), விலானுக்கு 256 முகவரி கொண்ட ஒரு /24 என்று வையுங்கள். தென்காசிக்கு 10.20.0.0/22 (நான்கு /24 சேர்ந்த தொகுதி), வள்ளியூருக்கு 10.20.4.0/22, அடுத்த இரண்டுக்கும் 10.20.8.0/22, 10.20.12.0/22 என்று கொடுத்தால் ஒவ்வொரு கிளையும் மற்ற ரவுட்டர்களின் பட்டியலில் ஒரே வழித்தடமாகச் சுருங்கும். நான்கும் சேர்ந்து 10.20.0.0/20. அதை விட்டு, வந்த வரிசையில் /24-களை அள்ளிக் கொடுத்தால் எந்தக் கிளையையும் சுருக்க முடியாது. பிறகு வள்ளியூரில் ஒரு லைன் அறுந்தால் இஐஜிஆர்பி (ரவுட்டர்கள் வழித்தடங்களைப் பகிரும் முறை) அனுப்பும் 'வேறு வழி உண்டா' என்ற கேள்வி எல்லா ரவுட்டருக்கும் பரவும். 3 நிமிடத்தில் பதில் வராவிட்டால் ஸ்டக்-இன்-ஆக்டிவ் என்ற நிலை, பதில் தராத அண்டை ரவுட்டருடனான உறவே முறியும். கிளை ரவுட்டரை ஸ்டப் (இந்தக் கேள்வி அனுப்பப்படாத கடைசி முனை) ஆக்குவது, சுருக்க வழித்தடம் வைப்பது எல்லாம் இதற்காகத்தான். இந்த "ஏன்" தெரியாமல் அந்த 90 நிமிடத்தைத் தாண்ட முடியாது. முகவரித் திட்டமும் ரவுட்டிங்கும் கேம்பஸும் (ஒரு வளாகத்துக்குள் இருக்கும் நெட்வொர்க்) சேர்ந்தே தேர்வில் பாதி.

கடைசி வாரம் டம்ப் (கசிந்த தேர்வுக் கேள்வி-விடை) கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள். சிஸ்கோவின் தேர்வு ஒப்பந்தத்துக்கு அது விரோதம். பிடிபட்டால் முடிவு ரத்தாகும், வாங்கிய சான்றிதழும் பறிபோகும். அந்தக் கெட்ட பெயர் பிள்ளைக்குத்தான், நிலையத்துக்கு அல்ல.

பணம் கட்டுமுன் தேர்வு எண்ணைக் கேட்டு வாங்கி, சிஸ்கோ தளத்தில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கட்டண விவரத்தையும் பாடத்திட்டத்தையும் அங்கேயே இலவசமாகப் பார்க்கலாம். சொல்லித்தருபவரின் சான்றிதழைச் சரிபார்க்கும் இணைப்பைக் கேளுங்கள். சான்றிதழ் 3 ஆண்டுக்குத்தான் செல்லும், தேதியையும் பாருங்கள். தேர்வுப் பதிவை உங்கள் சொந்தக் கணக்கில், அடையாள அட்டையில் உள்ள அதே பெயரில் நீங்களே செய்யுங்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு.